ஏழாமவனின் அப்பாவுக்கு

என் அன்பான அப்பா,

நீங்கள் போய் இது ஒன்பதாவது மாதம். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்கப் போவதில்லை. நீங்கள் இருந்தபோதே அதைக் கேட்டால் ‘இருக்கிறன்’ என்று ஒற்றைச் சொல்லோடு முடித்துவிடுவீர்கள். அதனால் இங்கத்தைய செய்தியை நானே சொல்கிறேன். கோபத்தோடுதான் எழுதுகிறேன். நடுவில் வாய் மிஞ்சினால் பொறுத்துக்கொள்ளுங்கள். பொறுக்காவிட்டாலும் இனி என்னை என்ன செய்யப் போகிறீர்கள்?

நாங்கள் அகதியாக வந்து குடியேறிய டூட்டிங் பழையபடிதான் கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் தந்த உங்கள் நடைவண்டியைத் திருப்பிக் கொடுக்கப் போனேன். பாவித்த சாமானைத் திரும்ப எடுக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். அது குளியலறைக்கு வெளியில் நிற்கிறது. அம்மா இரண்டு தரம் அதில் இடித்துக்கொண்டார். தூக்கி எறியவும் விடுகிறார் இல்லை.

நான் அதே இரத்தம் எடுக்கிற வேலையில்தான் இருக்கிறேன். ஒரு ஷிப்டில் நாற்பது பேர் வருவார்கள். ஒவ்வொருவரும் தன் பெயரையும் பிறந்த திகதியையும் தன் வாயாலேயே சொல்ல வேண்டும். சொல்லாமல் ஒரு துளி எடுக்கக் கூடாது. ‘போன கிழமையும் வந்தேனே, என்னைத் தெரியாதா’ என்று கிழவர்கள் சிரிப்பார்கள். தெரிந்தாலும் கேட்க வேண்டும் என்பேன். இருபது வருடமாக இதைச் செய்கிறேன், வீட்டில் ஒரு பெயரை மூடி வைத்துக்கொண்டு.

கடைசிக் கிழமையில் வார்டில் வைத்து நீங்கள் என்னிடம் ஒன்று கேட்டீர்கள். ‘அம்மாவுக்குச் சொல்லிப்போடாதை’ என்றீர்கள். எதை என்று நான் கேட்கவில்லை. எங்கள் இருவருக்கும் நடுவில் வேறு எது இருந்தது? நான் தலையாட்டினேன். எனக்கென்ன, பதினொரு வயதிலிருந்தே தலையாட்டிப் பழக்கம்.

அந்தத் தலையாட்டலை நான் காப்பாற்றவில்லை அப்பா. அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம்.

தை மாதத்தில் ஒரு சனிக்கிழமை. மேல் டூட்டிங் வீதியில் நாங்கள் வழக்கமாகப் போகிற மரக்கறிக் கடைக்கு முருங்கைக்காய் வாங்கப் போனேன். அந்தக் கடைக் கண்ணாடியில் என்னென்ன ஒட்டியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அறை வாடகைக்கு, வீணை வகுப்பு, யாரோ ஒருவருடைய முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி அழைப்பு. நீங்கள் ஒன்று விடாமல் வாசித்துவிட்டுத்தான் உள்ளே போவீர்கள். அன்றைக்கு நானும் வாசித்தேன்.

ஒரு ஊர்ச் சங்கத்தின் அறிவித்தல் அது. ஊரின் பெயரைப் பார்த்தவுடன் இன்னும் கிட்டப் போய் வாசித்தேன். எங்கள் சொந்த ஊரில்லை. வீட்டை விட்டு ஓடி வந்து நாங்கள் மூன்று மாதம் அகதிகளாக இருந்த ஊர். அந்த ஊர் வாசிகசாலைச் சுவரில் வைத்துச் சுடப்பட்ட ஏழு போராளிகளுக்கு முன்பு ஒரு சின்ன நினைவுத்தூண் இருந்தது, பிறகு அதை இடித்துவிட்டார்கள், இப்போது திரும்பவும் கட்டுகிறோம் என்று எழுதியிருந்தது. ஆறு பேருடைய பெயர் இருந்தது. ஏழாவது இடத்தில், ‘பெயர் தெரியாதவர். வயது இருபது அளவில். நெடிய உருவம். இடது புருவத்தில் பழைய வெட்டுத் தழும்பு. தெரிந்தவர்கள் தயவுசெய்து தொடர்புகொள்ளவும்.’

அந்தத் தழும்பு எப்படி வந்தது என்று உங்களுக்குத் தெரியும், எனக்குத் தெரியும், அம்மாவுக்குத் தெரியும். கிணற்றுக் கட்டில் நான் தள்ளி அண்ணை விழுந்தது. நான் முருங்கைக்காய் வாங்காமல் வீட்டுக்கு வந்தேன். அம்மா கேட்டதற்கு நல்லதாக இல்லை என்று சொன்னேன்.

இனி அந்த நாளை எழுதப் போகிறேன். நாங்கள் இரண்டு பேரும் ஒரு தரம்கூட வாய் திறந்து பேசாத நாள். நீங்கள் வேண்டாம் என்று கையைக் காட்டுவது தெரிகிறது. பரவாயில்லை, எழுதுகிறேன்.

அம்மா அப்போது பட்டணத்துப் பெரியாஸ்பத்திரியில் வயிற்று ஒப்பரேசனுக்காகப் படுத்திருந்தார். அண்ணை இயக்கத்துக்குப் போய் இரண்டு வருடம். அவர் எங்கே இருக்கிறார் என்று எங்களுக்குத் தெரியாது. நாங்கள் அந்த ஊரில் இருப்பது அவருக்கும் தெரியாது. அந்த ஊராருக்கு எங்களை மட்டுமட்டாகத்தான் தெரியும்; எங்கள் வீட்டில் ஒரு பெடியன் இருந்ததே தெரியாது. விடிய ஆமி வந்து ஊரைச் சுற்றி வளைத்தது. எல்லாரையும் வாசிகசாலை முன்னுக்கு வரச் சொல்லி நாலு பேர் நாலு பேராக நடக்க விட்டார்கள்.

சுவரோடு ஏழு பேரை இருத்தியிருந்தார்கள். கை பின்னால் கட்டி. ஒவ்வொருவராகக் காட்டி, இது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்டார்கள். முன்னுக்குப் போன ஒரு மனிதர் ‘ஐயோ என்ர பிள்ளை’ என்று ஓடினார். துவக்குப் பிடியால் அடித்து ட்ரக்கில் தூக்கிப் போட்டார்கள். அவருக்குப் பின்னால் அவருடைய மனைவியையும். அதற்குப் பிறகு வரிசையில் வந்த எல்லாரும் தெரியாது என்று சொன்னார்கள். தாய்மார் சொன்னார்கள். நான் பார்த்தேன்.

எங்கள் முறை வந்தது. நான் உங்கள் சுட்டுவிரலைப் பிடித்திருந்தேன். கடைசியில் இருந்தவர் அண்ணை. தாடி வளர்த்து, நன்றாக மெலிந்து போயிருந்தார். முதலில் உங்களைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். அதற்குப் பிறகு தன்னுடைய முழங்காலையே பார்க்கத் தொடங்கிவிட்டார். சிப்பாய் கேட்டான். நீங்கள் ‘தெரியாது’ என்றீர்கள். குரல் நடுங்கவேயில்லை. பிறகு அவன் என் உயரத்துக்குக் குனிந்து, அண்ணையைக் காட்டி, ‘உன் அண்ணனா?’ என்று கேட்டான். நான் இல்லை என்று தலையாட்டினேன். யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை அப்பா. நீங்கள் விரலை அழுத்தக்கூட இல்லை. நானாகத்தான் ஆட்டினேன்.

எங்களைத் தேவாலயப் பக்கமாகத் துரத்திவிட்ட பிறகு சூட்டுச் சத்தம் கேட்டது.

இதற்கு நான் உங்களைக் குறை சொல்லவில்லை. ஒரு நாளும் சொல்ல மாட்டேன். நீங்கள் ‘என்ர பிள்ளை’ என்று சொல்லியிருந்தால் அண்ணை பிழைத்திருக்கப் போவதில்லை. நான்தான் ட்ரக்கில் ஏறியிருப்பேன். அந்தத் ‘தெரியாது’வில்தான் எனக்கு ஐம்பது வயது வந்தது. அது எனக்குத் தெரியும்.

என் கோபம் அதற்குப் பிறகு நடந்ததில். மத்தியானம் ஆமி போய்விட்டது. அவர்கள் சந்தியைத் தாண்டுமுன்பே ஆறு வீட்டாரும் ஓடினார்கள்; ட்ரக்கில் ஏற்றப்பட்டவரின் வீட்டிலிருந்து சொந்தக்காரர் ஓடினார்கள். பெண்கள் தலைவிரி கோலமாக ஓடினார்கள். காலையில் தெரியாது என்று சொன்ன அதே வாயால் பெயர் சொல்லி அழுதார்கள். நீங்கள் என்ன செய்தீர்கள்? கொட்டிலுக்குள் போய்ப் பையில் உடுப்பை அடுக்கினீர்கள். என்னைச் சைக்கிள் பாரில் ஏற்றினீர்கள். வாசிகசாலை இருந்த வீதியால் போகாமல், பனங்காணிக்குள்ளால், மண்ணில் சில்லுப் புதையப் புதையத் தள்ளிக்கொண்டு போனீர்கள்.

ஏன் அப்பா? சந்தியில் இன்னும் நிற்பார்கள் என்று பயந்தீர்களா? அம்மா ஆஸ்பத்திரியில் தனியக் கிடக்கிறார் என்று நினைத்தீர்களா? அல்லது அவ்வளவு கிட்ட வைத்துத் தெரியாது என்று சொன்ன பிறகு, அந்த முகத்தைப் போய்த் தூக்க உங்களுக்கு ஏலவில்லையா? நூறு தரம் கேட்க வாய் வந்தது. உங்களுக்குப் பக்கத்திலிருந்து தேநீர் குடித்திருக்கிறேன், டிவி பார்த்திருக்கிறேன், மலம் கழுவியிருக்கிறேன். கேட்கவில்லை.

அம்மாவின் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்து நீங்கள் அண்ணையைப் பற்றிச் சொன்ன பொய் எனக்கு எழுத்துக்கு எழுத்து ஞாபகம். ‘நேசன் வந்து சொல்லிப்போட்டுப் போனவன். வள்ளத்தில இந்தியாவுக்குப் போறான். அங்கயிருந்து வெளிநாடு.’ அம்மா தையல் போட்ட வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அந்தச் சிரிப்பைப் பார்த்த பிறகு உண்மையைச் சொல்ல யாருக்குத்தான் மனம் வரும்? அண்ணை இருந்த சின்ன இயக்கம் அடுத்த வருடமே சிதறிப் போனது. எங்களைத் தேடி வந்து சொல்லவும் ஆள் இல்லை.

ஒரு பொய்க்குத் தீனி போட நீங்கள் எவ்வளவு பாடுபட்டீர்கள். கடிதம் வரவில்லை என்றால், இயக்கத்திலிருந்து போனவன் எழுதினால் ஆபத்து என்றீர்கள். பிறகு அவன் பாரிஸில் வெள்ளைக்காரியைக் கட்டியிருப்பான் என்றீர்கள். அம்மா அந்த இல்லாத மருமகளைப் பத்து வருடம் திட்டினார். ‘தாய்க்கு ஒரு போன் எடுக்க விடாத மூதேவி’ என்று சமைக்கும்போதெல்லாம் வைவார். நீங்கள் எழும்பி மற்ற அறைக்குப் போய்விடுவீர்கள்.

குரோய்டன் ஞாபகம் இருக்கிறதா? நாங்கள் அகதி அந்தஸ்துக் கேட்ட அந்தப் பெரிய கட்டடத்தில் உங்களை ஒரு அறையிலும் அம்மாவை ஒரு அறையிலும் வைத்து விசாரித்தார்கள். எத்தனை பிள்ளைகள் என்ற கேள்விக்கு அம்மா இரண்டு என்றார். நீங்கள் ஒன்று என்றீர்கள். மொழிபெயர்க்க வந்தவர் இரண்டு தரம் கேட்டும் ஒன்று என்றீர்களாம். பதில் ஒத்துவரவில்லை என்று வழக்கு மூன்று வருடம் இழுபட்டது. வீட்டுக்கு வந்த அம்மா, பெற்ற பிள்ளையின் எண்ணிக்கையை மறக்கிற தகப்பனை உலகத்தில் கண்டதில்லை என்று உங்களோடு ஆறு நாள் பேசவில்லை. நீங்கள் அந்த ஒரு இடத்தில்தான் உண்மையைச் சொன்னீர்கள் என்று எனக்கு மட்டும் தெரியும்.

பிறகு அந்த அர்ச்சனை. மாதா மாதம் அனுஷ நட்சத்திரத்தன்று நானும் நீங்களும் அம்மாவை ஆர்ச்வே மேட்டுக் கோயிலுக்குக் கூட்டிக்கொண்டு போவோம். இங்கே ஏறினால் மாறாமல் அங்கே இறங்கலாம் என்பதால் அம்மாவுக்கு அந்த ரயிலில் ஒரு பிரியம். சிவநேசன், அனுஷம், விருச்சிக ராசி. உயிரோடு இருக்கிறவர்களுக்கு ஆயுள் கேட்டுச் செய்கிற அர்ச்சனை. நீங்கள் ஒரு நாளும் உள்ளே வந்ததில்லை. ‘கால் உளையுது’ என்று சொல்லிச் செருப்பு வைக்கிற இடத்திலேயே நின்றுவிடுவீர்கள். நான் உள்ளே நிற்பேன். ஐயர் பெயரைச் சொல்லும்போது நிலத்தைப் பார்ப்பேன்.

நீங்கள் போன பிறகும் அம்மா அதை விடவில்லை. செத்த வீட்டுத் துடக்கு முடியட்டும் என்று காத்திருந்து, அடுத்த அனுஷத்துக்கே வெளிக்கிட்டார். ‘தகப்பன் செத்ததும் அவனுக்குத் தெரியாது. ஆர் சொல்லுறது?’ என்று ரயிலில் கண்ணைத் துடைத்தார். நான் என் போனை நோண்டிக்கொண்டு இருந்தேன்.

அறிவித்தலில் இருந்த இலக்கத்துக்கு எடுக்க எனக்கு இரண்டு கிழமை சென்றது. எடுத்தவர் பெயர் மரியதாஸ். அந்த ஊர்க்காரர், சங்கத்தின் செயலாளர், பஸ் ஓட்டி இளைப்பாறியவர். குரோய்டனில் இருக்கிறார். ட்ராமில் போய் இறங்கினேன். தரிப்பிடத்தில் வந்து நின்றார். வீட்டில் அவருடைய மனைவி தேநீரும் பணிஸும் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார். புருவத்துத் தழும்பைப் பற்றிச் சொன்னேன். முன்பல் ஒன்று மற்றதன் மேல் ஏறியிருக்கும் என்றும் சொன்னேன். அந்தப் பல்லைப் பற்றி அறிவித்தலில் எழுதவில்லை. அவர் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார்.

அவருக்கு அப்போது பத்தொன்பது வயதாம். புதைக்கக் கிடங்கு வெட்டினவர்களில் அவரும் ஒருவர். புகை தெரிந்தால் ஆமி திரும்பி வரும் என்று ஒருவரையும் எரிக்கவில்லையாம், எல்லாரையும் தாட்டார்களாம். ஆறு பேரை அன்று பின்னேரமே அடக்கம் செய்திருக்கிறார்கள். ஏழாவது ஆளை மட்டும் வாசிகசாலைக்குள் ஆட்கள் இருந்து படிக்கிற நீள வாங்கில் கிடத்தி, பாயால் மூடி வைத்திருக்கிறார்கள்.

‘ஆராவது வருவினம் எண்டு அடுத்த நாள் பொழுதுபட மட்டும் பாத்துக்கொண்டிருந்தனாங்கள், தங்கச்சி. ஒருத்தரும் வரேல்லை.’

அப்பா, இதை உங்களுக்கு எழுதாமல் விடலாமா என்று யோசித்தேன். செத்தவரை நோகடிப்பதா என்று நினைத்தேன். ஆனால் என்னால் தனியாக இதை வைத்திருக்க ஏலாது. அண்ணை ஒரு பகலும் ஒரு இரவும் இன்னொரு பகலும் எங்களைப் பார்த்துக்கொண்டு கிடந்திருக்கிறார். அந்த நேரம் நாங்கள் பன்னிரண்டு மைல் தள்ளி, ஆஸ்பத்திரி வாசலில் பாண் வாங்கித் தின்றோம். எனக்கு நீங்கள் சம்பலும் வாங்கித் தந்தீர்கள்.

அவர் கிறிஸ்தவ வேதமா சைவமா என்று அவர்களுக்குத் தெரியாதாம். அதனால் இரண்டையும் செய்தார்களாம். தேவாலயத்து மணியகாரர் செபம் சொல்ல, வாசிகசாலைத் தலைவர் தேவாரம் பாடியிருக்கிறார். மரியதாஸ் அண்ணையின் தாயார் சாகும்வரை ஒவ்வொரு வருடமும் அந்த நாளில் ஏழு மெழுகுதிரி கொளுத்துவாராம். எந்த வீட்டாரும் வராத பிள்ளைக்கு முதலில் கொளுத்துவாராம். நான் அங்கே வைத்து அழவில்லை. ட்ராமில் ஏறியபிறகு எல்லாரும் பார்க்க அழுதேன்.

நாங்கள் ஏன் வரவில்லை என்று அவர் ஒரு சொல் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கல்லில் எழுத்து வெட்டுகிற வேலை மாசியில் தொடங்கும் என்றும், குடும்பத்தில் ஒருவர் கையெழுத்து வைத்தால் போதும் என்றும் சொன்னார். அங்கே இன்னும் பொலிஸ்காரர் வந்து கேள்வி கேட்பதுண்டு, அதனால் யோசித்துச் செய்யுங்கள் என்றும் சொன்னார்.

ஆகவே நான் தனியாகக் கையெழுத்து வைத்துவிட்டு அம்மாவிடம் மூச்சு விடாமல் இருந்திருக்கலாம். எண்பத்திரண்டு வயது மனுசி அந்த ஊருக்குப் போய்க் கல்லைப் பார்க்கப் போகிறாரா? நீங்கள் சொன்னதும் அதைத்தானே. அவர் தந்த பத்திரம் என் கைப்பைக்குள் நாலு நாள் இருந்தது. ஐந்தாம் நாள் அனுஷம்.

வழக்கம் போல அர்ச்சனை முடிந்தது. ஐயர் புதிய ஆள், பெயரை இரண்டு தரம் கேட்டார். அம்மா பல்லில்லாத வாயால் அழுத்தி அழுத்திச் சொன்னார். எனக்கு அதற்கு மேல் முடியவில்லை. ஆர்ச்வே ஸ்டேஷனில் கீழே இறங்கி, பிளாட்பாரத்து வாங்கில் அம்மாவை இருத்திவிட்டுச் சொன்னேன். அழகாகச் சொல்லவில்லை அப்பா. எடுத்தவுடனேயே ‘அம்மா, அண்ணை இல்லை’ என்று சொன்னேன். சுவர், வரிசை, உங்கள் விரல், என் தலையாட்டல், பனங்காணி, வாங்கு, பாய் எல்லாவற்றையும் சொன்னேன். இடையில் ரயில் வந்து போகும், நிற்பாட்டுவேன், திரும்பத் தொடங்குவேன். ஏழு ரயில் விட்டோம்.

அம்மா அழவில்லை. மடியில் இருந்த அர்ச்சனைத் தட்டைப் பிடித்தபடி முதலில் உங்களைப் பற்றித்தான் கேட்டார்.

‘கொப்பர் அவனைக் கண்டவரோ?’

‘ஓம்.’

‘அவன் அவரைக் கண்டவனோ?’

‘ஓம் அம்மா.’

 எட்டாவது ரயிலில் ஏறினோம். ஸ்டொக்வெல் தாண்டியபோதுதான் வாயைத் திறந்தார். ‘செத்த பிள்ளைக்கு ஆயுள் கேக்க விட்டுட்டார் மனுசன். என்ர பிள்ளைக்கு ஒரு கை எள்ளுத் தண்ணி இறைக்க விடேல்லை.’ எதிரில் இருந்த வெள்ளைக்காரப் பெண் அம்மாவுக்குச் சுகமில்லையா என்று என்னைக் கேட்டாள். இல்லை, நன்றாக இருக்கிறார் என்று சொன்னேன்.

அன்றிலிருந்து அம்மா உங்கள் படத்துக்கு முன்னால் காலைத் தேநீர் வைப்பதில்லை. படத்தை அகற்றவில்லை. துடைக்கிறார். ஆனால் தேநீர் இல்லை. நான் ஒரு நாள் ஊற்றி வைத்தேன். எடுத்துச் சிங்கில் ஊற்றிவிட்டார். என்னோடும் இரண்டு கிழமை சரியான பேச்சில்லை. ‘நீ பதினொரு வயசுப் பிள்ளை, உனக்கென்ன தெரியும்’ என்று ஒரு நாள் சொல்லித் தலையைத் தடவினார். அடுத்த நாள், ‘இருபது வயசில உனக்கு வாய் இருந்தது தானே, முப்பது வயசில இருந்தது தானே’ என்று கேட்டார். இரண்டும் சரிதான். 

அம்மா மரியதாஸ் அண்ணையிடம் நாளைக் கேட்டு, பஞ்சாங்கம் பார்க்கிறவரைக் கொண்டு அண்ணையின் திதியைக் கணித்து எழுதி வைத்திருக்கிறார். அது உங்கள் முதல் வருட ஆட்டத் திவசத்துக்கு ஒன்பது நாள் முந்தி வருகிறது. இரண்டையும் எப்படிச் செய்வது என்று கேட்டேன். ‘முதல் அவனுக்கு. கொப்பருக்குப் பிறகு பாப்பம்’ என்றார். அவ்வளவுதான் சொன்னார். உங்களுக்கு நான் ஒன்றையும் பூசி மெழுகப் போவதில்லை. அம்மா உங்களை மன்னிக்கவில்லை. நீங்கள் பயந்தது இதற்குத்தான் என்றால், அது நடந்துவிட்டது.

எனக்கும் உங்கள் மேல் கோபம் போகவில்லை. சில நாட்களில் அந்தக் கோபத்துக்கு நடுவில், உங்களுக்கு அப்போது நாற்பத்தெட்டு வயது, இப்போதைய என்னை விட இளைய ஆள், என்று நினைவு வரும். வேலையில் நாற்பத்தெட்டு வயது ஆண்கள் வந்து கை நீட்டினால் முகத்தைப் பார்ப்பேன். ஊசியைக் கண்டு கண்ணை மூடுகிறார்கள். நீங்கள் இவர்கள் வயது ஆளாகத்தானே அந்தச் சைக்கிளைத் தள்ளினீர்கள்? அன்று முழுக்க நீங்கள் தண்ணீர் குடித்து நான் காணவில்லை.

போன கிழமை மரியதாஸ் அண்ணை போன் எடுத்தார். கல் வேலைக்காரன் எழுத்துக் கேட்கிறானாம். மற்ற ஆறு பேருக்கும் தகப்பன் பெயரின் முதல் எழுத்து மட்டும்தான் வெட்டியிருக்கிறது, அதே மாதிரி ‘மு. சிவநேசன்’ என்று போடவா என்று கேட்டார். ஒரு பேச்சுக்கு அம்மாவையும் கேட்டுச் சொல்கிறேன் என்றேன். அம்மா அடுப்படியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். தகப்பன் பெயரே வேண்டாம் என்று சொல்லப் போகிறார் என்றுதான் நினைத்தேன். உங்களுக்காக மனதுக்குள் ஒரு நியாயம்கூடத் தயார் பண்ணினேன்.

‘எழுத்து வேண்டாம்,’ என்றார். ‘கொப்பரின்ர பேரை முழுசாப் போடச் சொல்லு.’

மற்றவர்களுக்கு அப்படி இல்லையே அம்மா என்றேன். உரித்த வெங்காயத்தைத் தண்ணீருக்குள் போட்டார்.

‘மற்றப் பிள்ளையளுக்கு அண்டைக்கே தகப்பன் வந்தவர். இவன் ரெண்டு நாள் தகப்பன் இல்லாமல் கிடந்தவன். இனிக் கிடக்கக் கூடாது.’

மரியதாஸ் அண்ணையிடம் அப்படியே சொன்னேன்.  அவர், ஊரில் ஆறு வீட்டாரிடமும் கேட்க வேண்டும், ஒருவருக்கு மட்டும் வித்தியாசமாகப் போட்டால் குறையாக நினைப்பார்கள் என்றார். நேற்று ஆறு வீட்டாரும் சம்மதம் என்று செய்தி வந்தது. இன்று காலையில் படம் வந்தது. கறுப்புக் கல். கடைசி வரியில் எழுத்தைப் பென்சிலால் குறித்திருக்கிறார்கள், இன்னும் வெட்டவில்லை. முத்துக்குமாரு சிவநேசன். நீங்களும் அண்ணையும் ஒரே வரியில். அண்ணைக்குப் பக்கத்தில் நீங்கள் வந்து சேர இவ்வளவு காலம் சென்றது.

அம்மா போனைக் கண்ணுக்குக் கிட்டப் பிடித்து எழுத்தைக் கூட்டி வாசித்தார். உங்கள் பெயரிலிருந்துதான் தொடங்கினார். நான் பிறந்த நாளிலிருந்து உங்கள் பெயரை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

ஆவணியில் அம்மாவைக் கூட்டிக்கொண்டு அங்கே போகிறேன். டாக்டர் வேண்டாம் என்கிறார், சக்கர நாற்காலியில் என்றாலும் போவோம். பனங்காணிக்குள்ளால் போக மாட்டேன். வாசிகசாலை வீதியால், பகலில், எல்லாரும் பார்க்கப் போவேன். அண்ணைக்கு எள்ளுத் தண்ணீர் இறைப்போம். அம்மா இறைக்கும்போது நான் பக்கத்தில் நின்று உங்களுக்காகவும் ஒரு கை அள்ளுவேன். அம்மா ஏசினால் ஏசட்டும். யார் வந்து எங்களிடம் என்ன கேட்டாலும் இந்த முறை வாயைத் திறந்து பதில் சொல்வேன். இது உங்களுக்கு நான் தருகிற வாக்கு. தலையாட்டல் இல்லை அப்பா.

இப்படிக்கு,
உங்கள் மகள்,
சிவநேசனின் தங்கை,
சுகந்தி